கணையத்துக்கு முதல் நாளே மார்க் போடாதீங்க

முதலில் ஒரு டிஸ்கி. நான் டாக்டர் கிடையாது. பி.காம். படித்து, வங்கிப் பரீட்சை எழுதி, இருபது வருஷத்துக்கு மேல் லோன் ஃபைல்களோடு மல்லுக்கட்டி, மாற்றலுக்கு மேல் மாற்றலாகி இப்போது ராய்ப்பூரில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் ஆசாமி. இந்தப் பதிவில் மருந்து மாத்திரை எதுவும் சொல்லப் போவதில்லை. ஆனால் 'இது எவ்வளவு ஆபத்து?' என்று அளப்பது என் அன்றாடத் தொழில். அந்த அளவை எப்படித் தப்பாகப் பயன்படுத்துகிறோம் என்று சண்டை போட எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். டாக்டர் நண்பர்கள் பின்னூட்டத்தில் வந்து திட்டலாம் :-)

விஷயத்துக்கு வருகிறேன். அக்யூட் பேன்க்ரியாடைட்டிஸ், அதாவது திடீர்க் கணைய அழற்சி. இது வந்தவரை கேஷுவாலிட்டியில் இறக்கிய கையோடு சி.டி. ஸ்கேனுக்குத் தள்ளுகிறார்கள். ரிப்போர்ட்டில் 'மைல்ட்' என்று இருந்தால் மொத்தக் குடும்பமும் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறது. 'சிவியர்' என்று இருந்தால் ஊருக்கெல்லாம் போன் பறக்கிறது. இரண்டுமே அபத்தம். முதல் அபத்தம் ஆளைக் கொல்லக்கூடிய அபத்தம். இந்த நோயின் தீவிரத்தை முதல் நாள் ஸ்கேன் சொல்லாது. கட்டில் பக்கத்தில் நின்று 48 மணி நேரம் எண்ணினால்தான் தெரியும். எண்ணுவதற்குச் செலவு கம்மி. அதனாலோ என்னவோ அதற்கு மரியாதையும் கம்மி.

நோயைப் பற்றி இரண்டு வரி, தெரியாதவர்களுக்காக. கணையம் வயிற்றின் பின்பக்கம், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் சுரப்பி. இன்சுலினும் சுரக்கும், சாப்பாட்டைச் செரிக்கும் நொதிகளும் சுரக்கும். அந்த நொதிகள் குடலுக்குப் போய் வேலையை ஆரம்பிக்க வேண்டும். கணையத்துக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டால் கணையம் தன்னையே செரித்துக்கொள்ள ஆரம்பிக்கும். முக்கியக் காரணங்கள் இரண்டு: பித்தப்பைக் கல், மது. ட்ரைகிளிசரைடு 1000-ஐத் தாண்டினாலும் வரலாம், சில மருந்துகளாலும் வரலாம். மேல் வயிற்றில் ஆரம்பித்து முதுகுக்குப் பாயும் வலி, வாந்தி. சுமார் 80 சதவீதம் பேர் ஒரு வாரத்துக்குள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். மிச்சம் பேருக்குத்தான் பிரச்சினை. கணையத்தின் ஒரு பகுதி அழுகிப் போவது, நுரையீரல், சிறுநீரகம், ரத்த ஓட்டம் படுத்துவிடுவது என்று போகும். உறுப்புச் செயலிழப்பு இரண்டு நாளைத் தாண்டி நீடித்தால் மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை என்ற அளவுக்குக் கொடுமையானது.

ஆக, இந்த 80 யார், அந்த 20 யார் என்று சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் மொத்த ஆட்டமும். அதில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

லைபேஸ் என்னும் முதல் ஏமாற்று

வாட்ஸப் குடும்பக் குழுக்களில் முதலில் வருவது லைபேஸ் நம்பர். 'மாமாவுக்கு லைபேஸ் 3000-மாம்!' என்று ஒருவர் போடுவார். இன்னொருவர், 'என் கொழுந்தனாருக்கு 900தான், ஒன்றும் இல்லை' என்பார். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி.

லைபேஸோ அமிலேஸோ நார்மலின் உச்ச வரம்பைப் போல மூன்று மடங்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க உதவும். அவ்வளவுதான். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அது சொல்லாது. 6000 இருந்தவர் நாலாம் நாள் இட்லி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். 700 இருந்தவர் ஐ.சி.யூ.வில் கிடப்பார். வங்கி பாஷையில் சொன்னால், கடன் இருக்கிறது என்பதற்கு லைபேஸ் ஒரு சாட்சி. திரும்பி வருமா வராதா என்பதற்கு இல்லை. தினமும் லைபேஸ் எடுத்து 'குறையுது குறையுது' என்று சந்தோஷப்படுவதும் வெட்டிச் செலவு.

ஸ்கேன் என்னும் இரண்டாவது ஏமாற்று

எங்கள் கிளையில் வேலை பார்க்கும் ஒருவர், உள்ளூர்க்காரர், வயது 44. கல்யாண சீசன், மூன்று நாள் விருந்து, கூடவே தண்ணி. ராத்திரி வலி ஆரம்பித்தது. 'கேஸ் ஹோ கயா' என்று சோடா, மாத்திரை. விடிகாலையில் தாங்க முடியாமல் பக்கத்து நர்சிங் ஹோம். பெயர் வேண்டாம், இந்த மாதிரி இடம் ஊருக்கு ஊர் இருக்கிறது. வலி ஆரம்பித்து ஆறு மணி நேரத்துக்குள் லைபேஸ் எடுத்தாயிற்று, மூன்று மடங்குக்கு மேல். அப்படியானால் நோய் எது என்று முடிவாகிவிட்டது. இருந்தாலும் உடனே கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு சி.டி. 'கணையம் வீங்கியிருக்கிறது, சுற்றியுள்ள கொழுப்பில் லேசான அழற்சி, பால்தசார் கிரேடு சி, ஸ்கோர் 2, மைல்ட்'. டைப் அடித்து, கவரில் போட்டு, பளபளப்பாக வந்தது.

அந்தக் கவர் வந்த பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் என் கோபம். நாடித்துடிப்பு 112 ஆக இருந்தது 118 ஆனது. மூச்சு நிமிஷத்துக்கு 28. சிறுநீர் எவ்வளவு போனது என்று அளக்க ஆளே இல்லை. யூரியா வந்தபோது 44, மறுநாள் காலை 71. இந்த நம்பர்களெல்லாம் கேஸ் ஷீட்டில் இருந்தன! யாரோ எழுதியிருக்கிறார்கள், யாரும் படிக்கவில்லை. மச்சினன் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: 'சி.டி. மே மைல்ட் ஹை, டென்ஷன் மத் லோ.'

இரண்டாம் நாள் சாயங்காலம் மூச்சு வாங்க ஆரம்பித்து, குடும்பமே முடிவெடுத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. அங்கே ஒரு சின்னப் பெண், முதுநிலை படிக்கிற டாக்டர், கவரைப் பிரிக்கக்கூட இல்லையாம். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சை எண்ணியிருக்கிறார். எக்ஸ்ரே, நெஞ்சில் நீர். ஒரு துண்டுக் காகிதத்தில் கூட்டல் போட்டு, நேரே ஐ.சி.யூ. ஆறாம் நாள் எடுத்த சி.டி.யில் கணையத்தில் 30 சதவீதத்துக்கு மேல் செத்துப்போயிருந்தது. ஸ்கோர் 8. அதே வயிறு, அதே அளவுகோல். முதல் நாள் 2, ஆறாம் நாள் 8. ஆள் பிழைத்தார். ஆறு வாரம் ஆனது.

இதில் முதல் நாள் சி.டி. 'தப்பு' இல்லை என்பதைக் கவனிக்கணும். அது அன்றைய நிலைமையைச் சரியாகத்தான் சொன்னது. கணையத்துக்கு ரத்த ஓட்டம் நின்று அது சாகிறது என்பது படத்தில் தெளிவாகத் தெரிய மூன்று நாள் வாக்கில் ஆகும். ஆறு மணி நேரத்தில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. மார்ச் 31-ஆம் தேதி பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து ஜூன் மாதம் கம்பெனி எப்படி இருக்கும் என்று முடிவு கட்டுகிற மாதிரி. பேலன்ஸ் ஷீட் பொய் சொல்லவில்லை, அது ஒரு தேதியைப் பற்றிப் பேசுகிறது. கம்பெனி உயிரோடு இருக்கிறதா என்று தெரிய அக்கவுண்டில் தினம் வரவு செலவு ஓடுகிறதா என்று பார்க்கணும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2012-இல் வெளியான ஒரு ஆய்வில் அட்மிஷன் அன்றே எடுத்த சி.டி. ஸ்கோர்களையும், சாதாரண ரத்தப் பரிசோதனை, நாடி, மூச்சு வைத்துப் போடும் ஸ்கோர்களையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். தீவிரத்தைக் கணிப்பதில் சி.டி. உயர்த்தி என்று வரவில்லை. தீவிரத்தை அளப்பதற்காக மட்டும் முதல் நாள் சி.டி. வேண்டாம் என்றுதான் முடித்தார்கள். 2013-இல் வந்த சர்வதேச வழிகாட்டி, முதல் சி.டி.க்கு ஏற்ற நேரம் வலி ஆரம்பித்து 72 முதல் 96 மணி நேரத்துக்குப் பிறகு என்கிறது. அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் சங்கத்தின் 2013 வழிகாட்டியும் அதன் 2024 புதுப்பிப்பும் இதே பாட்டுத்தான். புத்தகத்தில் இருப்பது ஒன்று, பில்லில் வருவது ஒன்று.

அந்த ஸ்கேன் ஸ்கோரைக் கண்டுபிடித்தவர்கள் என்ன நினைத்தார்கள்?

இது தேடிப் படித்தபோது கிடைத்த சுவாரசியமான விஷயம். நியூயார்க்கில் ஜான் ரான்சன் என்று ஒரு சர்ஜன். 1974-இல் அவர் குழு 11 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் போட்டது. 5 அம்சம் அட்மிஷனில் பார்க்கணும் (வயது, வெள்ளணு, சர்க்கரை, எல்.டி.எச்., ஏ.எஸ்.டி.). மிச்சம் 6 அம்சம் 48 மணி நேரத்துக்குள் பார்க்கணும் (பி.சி.வி. எவ்வளவு இறங்கியது, யூரியா எவ்வளவு ஏறியது, கால்சியம், ஆக்சிஜன், ரத்தத்தில் அமிலம், உடம்புக்குள் எவ்வளவு திரவம் தேங்கியது). பாதிக்கு மேல் மார்க் இரண்டாம் நாளுக்கு! முதல் நாள் பரீட்சை முடியவே முடியாது என்று 1974-இலேயே சொல்லியாயிற்று.

அதே நியூயார்க்கில் எமில் பால்தசார் என்ற ரேடியாலஜிஸ்ட் 1985-இல் சி.டி. கிரேடு ஏ முதல் இ வரை கொண்டுவந்தார். 1990-இல் அதோடு எத்தனை சதவீதம் அழுகல் என்பதையும் சேர்த்து 10 மார்க் ஸ்கோர் ஆக்கினார். இப்போது எல்லா ரிப்போர்ட்டிலும் வருவது அதுவும் அதன் திருத்தங்களும்தான். அந்த இரண்டு கட்டுரைகளிலும் கூட எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே ரான்சன். கட்டில் பக்கத்துக் கணக்கைப் போட்டவரே ஸ்கேன் கணக்கிலும் கை வைத்திருக்கிறார். அவர்களுக்கு இரண்டும் கூட்டாளி. நம்மாட்களுக்கு மட்டும் ஸ்கேன் எஜமான், மற்றதெல்லாம் எடுபிடி.

அந்த 1990 ஆய்விலேயே 0 முதல் 3 வரை மார்க் வாங்கியவர்களில் 3 சதவீதம் பேர் இறந்தார்கள், 7 முதல் 10 வரை வாங்கியவர்களில் 17 சதவீதம். அதாவது குறைந்த மார்க் என்றாலும் ஆபத்து பூஜ்யம் இல்லை. 'மைல்ட்' என்ற ஒரு வார்த்தையில் அந்த 3 சதவீதம் காணாமல் போய்விடுகிறது.

வங்கிக்காரனுக்குப் புரிந்த வகைப்பாடு

1992-இல் அட்லாண்டாவில் கூடி ஒரு வகைப்பாடு செய்தார்கள். 2012-இல் அதைத் திருத்தினார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை படிக்கிற மாதிரியே இருந்தது!

எங்கள் கணக்கு இது: தவணை தாண்டி 30 நாள் வரை எஸ்.எம்.ஏ. 0. 31 முதல் 60 வரை எஸ்.எம்.ஏ. 1. 61 முதல் 90 வரை எஸ்.எம்.ஏ. 2. 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். தவணை ஒரு நாள் தவறியதும் யாரும் வாராக்கடன் முத்திரை குத்த மாட்டோம். அதே சமயம் 'பார்ட்டி நல்ல பார்ட்டி' என்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. நாளை எண்ணிக்கொண்டே இருக்கணும்.

அவர்கள் கணக்கு இது:

1. மைல்ட்: உறுப்புச் செயலிழப்பு இல்லை, வயிற்றுக்குள் சிக்கலும் இல்லை.
2. நடுத்தரத் தீவிரம்: உறுப்புச் செயலிழப்பு வந்து 48 மணி நேரத்துக்குள் சரியாகிவிட்டது, அல்லது கணையத்தைச் சுற்றி நீர் தேக்கம், அழுகல் போன்ற சிக்கல், அல்லது ஏற்கெனவே இருந்த வேறு நோய் முற்றியது.
3. தீவிரம்: உறுப்புச் செயலிழப்பு 48 மணி நேரத்தைத் தாண்டியும் நீடிக்கிறது.

உறுப்பு என்று அவர்கள் எடுத்துக்கொண்டது மூன்று: நுரையீரல், இதயமும் ரத்த ஓட்டமும், சிறுநீரகம். மூன்றில் எதற்கும் சி.டி. மெஷின் தேவையில்லை. ஆக்சிஜன், ரத்த அழுத்தம், கிரியாட்டினின் போதும். 24 மணி, 48 மணி, ஏழாம் நாள் என்று திரும்பத் திரும்ப மதிப்பிடச் சொல்கிறார்கள். முதல் 24 மணி நேரத்தில் உறுப்புச் செயலிழப்பு தெரிந்தால், அது நீடிக்குமா நீடிக்காதா என்று காத்திருக்காமல் தீவிர நோயாளி மாதிரியே பாருங்கள் என்கிறார்கள்.

இப்போது சொல்லுங்க. 48 மணி நேரம் என்ற எல்லை வகைப்பாட்டிலேயே இருக்கும்போது, ஆறாவது மணி நேரத்தில் 'மைல்ட்' என்று யார் எழுத முடியும்? எழுதினால் அது மருத்துவமா, ஜோசியமா?

துண்டுக் காகிதத்தில் போட்ட கூட்டல்

அந்தச் சின்ன டாக்டர் போட்டது பைசாப் (ஆங்கிலத்தில் ஐந்து அம்சங்களின் முதல் எழுத்துகள்). 2008-இல் வந்தது. அமெரிக்க மருத்துவமனைகளில் சுமார் 18,000 நோயாளிகளின் விவரத்தை வைத்து உருவாக்கி, இன்னொரு 18,000 பேரிடம் சரிபார்த்தது. முதல் 24 மணி நேரத்துக்கான கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க்:

1. பி.யூ.என். 25-க்கு மேல்.
2. சுயநினைவில் தடுமாற்றம்.
3. சிர்ஸ்: ஜுரம் 38 டிகிரிக்கு மேல் அல்லது 36-க்குக் கீழ், நாடி 90-க்கு மேல், மூச்சு 20-க்கு மேல், வெள்ளணு 12,000-க்கு மேல் அல்லது 4,000-க்குக் கீழ். இந்த நாலில் ஏதாவது இரண்டு.
4. வயது 60-க்கு மேல்.
5. நெஞ்சுக்கூட்டில் நீர்.

மூன்று வந்துவிட்டால் உஷார். ஒரு மார்க்கும் இல்லாதவர்களில் இறப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே, முழு மார்க் வாங்கியவர்களில் 20 சதவீதத்துக்கும் மேலே. எங்கள் ஆளுக்குப் போட்டுப் பாருங்க. வந்து சேர்ந்தபோது சிர்ஸ் மட்டும், ஸ்கோர் 1. அப்புறம் பி.யூ.என். ஏறி, நெஞ்சில் நீரும் சேர்ந்து, ஸ்கோர் 3. ஸ்கேன் 'மைல்ட்' என்று சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில் கூட்டல் கணக்கு சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நம் நாட்டுக்கே உரியது. நம் லேப்களில் பெரும்பாலும் வருவது 'பிளட் யூரியா'. ஸ்கோரில் இருப்பது பி.யூ.என். இரண்டும் ஒன்றில்லை. யூரியாவை 2.14-ஆல் வகுத்தால் பி.யூ.என். ஆக பி.யூ.என். 25 என்றால் யூரியா சுமார் 53. யூரியா 40 என்று பார்த்து '25-ஐத் தாண்டிவிட்டது' என்று நெட்டில் கணக்குப் போட்டுக் கலங்குகிறவர்களும் உண்டு. டாலர் கணக்கை ரூபாயில் எழுதின மாதிரி! எங்கள் ஆளின் 71-ஐ வகுத்தால் 33. அது நிஜமாகவே தாண்டியதுதான். அதைவிட முக்கியம், 44-இலிருந்து 71-க்கு ஏறியது. யூரியா முதல் 24 மணி நேரத்தில் ஏறினால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று 2011-இல் வந்த ஆய்வு தனியாகவே சொல்லியிருக்கிறது. ஒரு நம்பரைவிட இரண்டு நம்பருக்கு நடுவில் இருக்கும் திசைதான் பேசும். பி.சி.வி.யும் அப்படித்தான். டிரிப்ஸ் ஏற்றிய பிறகும் 44-க்கு மேலேயே நின்றால் உடம்புக்குள் நீர் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

'ஸ்கோர் மட்டும் யோக்கியமா?'

நியாயமான கேள்வி. ரான்சன், கிளாஸ்கோ, அபாச்சே 2, பைசாப் என்று வரிசையாக இருக்கின்றன. எதுவும் தனி ஒரு ஆளுக்கு ஜாதகம் சொல்லிவிடாது. ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்று சொல்லும், இந்தக் கட்டிலில் கிடக்கும் ஆள் அந்த எத்தனையில் ஒருவரா என்று சொல்லாது. சிபில் ஸ்கோர் 780 வைத்துக்கொண்டு ஓடிப்போனவனையும் பார்த்திருக்கிறேன், 640-இல் ஒரு தவணை தவறாமல் கட்டியவரையும் பார்த்திருக்கிறேன். ஸ்கோரை ஸ்கேனுக்குப் பதிலாக இன்னொரு சாமியாக்கிக் கும்பிடச் சொல்லவில்லை. ஆனால் ஸ்கோர் போட வேண்டுமென்றால் ஒருவர் கட்டில் பக்கம் போய் மூச்சை எண்ணணும், பெயரைக் கேட்டுப் பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கணும், நேற்றைய யூரியாவை இன்றையதோடு ஒப்பிடணும். அந்த வேலையைச் செய்யவைக்கிறதே, அதுதான் அதன் உண்மையான லாபம்.

'அப்போ சி.டி.யே வேண்டாமா?'

அப்படிச் சொல்லவே இல்லை. சி.டி. இல்லாமல் இந்த நோயைப் பார்க்கவே முடியாத கட்டங்கள் உண்டு:

1. நோய் எது என்றே சந்தேகம். குடலில் ஓட்டை, குடலுக்கு ரத்த ஓட்டம் நிற்பது எல்லாம் இதே மாதிரி வலிக்கும். அப்போது முதல் மணி நேரத்திலேயே எடுத்தாக வேண்டும்.
2. 48 முதல் 72 மணி நேரம் ஆகியும் தேறவில்லை, அல்லது மோசமாகிறது.
3. முதல் வாரத்துக்குப் பிறகு புது ஜுரம், அழுகலில் கிருமி சேர்ந்துவிட்டதோ என்ற சந்தேகம்.
4. தேங்கியதை வடிக்கலாமா, எந்த வழியாக என்று திட்டம் போடும்போது. அழுகலைச் சுற்றிச் சுவர் கட்ட சாதாரணமாக நாலு வாரம் ஆகும். அதுவரை பொறுக்க முடிந்தவர்களுக்குப் பொறுப்பது நல்லது என்பதுதான் நெதர்லாந்தில் 2010-இலும் 2021-இலும் வெளிவந்த ஆய்வுகளின் சாரம்.

முதல் நாள் எடுக்க வேண்டிய படம் ஒன்று உண்டு, அது அல்ட்ராசவுண்ட். விலை கம்மி, கதிர்வீச்சு இல்லை. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான். கல் என்றால் பின்னால் பித்தப்பையை எடுக்கும் வரை மறுபடி வரும் அபாயம் உண்டு. ஆனால் நம் ஊர் மனசுக்கு அல்ட்ராசவுண்ட் 'சின்ன ஸ்கேன்'. பெரிய ஸ்கேன் எடுத்தால்தான் பெரிய வைத்தியம்.

குற்றவாளி மருத்துவமனை மட்டும்தான் என்று நான் சொல்ல மாட்டேன். 'இன்னும் சி.டி. எடுக்கலையா?' என்று கேஷுவாலிட்டி வாசலில் நின்று சத்தம் போடுவது நம் சித்தப்பாதான். எடுக்காமல் கவனித்துக்கொண்டிருக்கும் டாக்டரை 'ஒண்ணும் பண்ணல' என்று சொல்லி ஆளை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதும் நாம்தான். மூச்சை எண்ணியதற்கு பில் போட முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு சிறுநீர்ப் பையைப் பார்த்துக் குறித்த சிஸ்டருக்குக் கவர் கிடையாது, கலர் படம் கிடையாது. எதற்கு பில் உண்டோ அது நடக்கிறது. இது பொருளாதாரம், பி.காம். முதல் வருஷத்துப் பாடம்.

திரவம் ஏற்றுவதிலும் இதே கதை. 'நிறைய டிரிப்ஸ் ஏத்தணும்' என்று ரொம்ப நாள் நம்பினார்கள். 2022-இல் வெளியான வாட்டர்ஃபால் ஆய்வு (இந்தியாவும் ஸ்பெயின், இத்தாலி, மெக்சிகோவோடு சேர்ந்திருந்தது) 249 பேரோடு பாதியில் நிறுத்தப்பட்டது. அதிகமாக ஏற்றியவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு உடம்பில் நீர் மிஞ்சிப்போனது, மிதமாக ஏற்றியவர்களில் 6.3 சதவீதம்தான். நோயின் போக்கிலும் லாபம் இல்லை. அப்போ எவ்வளவுதான் ஏற்றுவது? சில மணிக்கு ஒரு தரம் ஆளைப் பார்த்து முடிவு செய்யணும். இங்கேயும் குறுக்கு வழி இல்லை.

நீங்க என்ன செய்யலாம்?

வெளியூரில் இருக்கிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். அப்பா திருநெல்வேலியில் அட்மிட் ஆகியிருப்பார், நாம் ராய்ப்பூரிலோ குர்காவிலோ இருந்து போனில் வைத்தியம் பார்ப்போம். 'ஸ்கேன் ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பு' என்று கேட்பதை நிறுத்துங்க. பதிலாக இதைக் கேளுங்க:

1. வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? (கடிகாரம் அங்கிருந்துதான் ஓடுகிறது, அட்மிஷனிலிருந்து இல்லை. 'கேஸ்' என்று வீட்டில் வீணாக்கிய நேரமும் சேர்த்தி.)
2. நாடி, மூச்சு, ஆக்சிஜன் இப்போ என்ன? ஆறு மணி நேரம் முன்னால் என்ன?
3. சிறுநீர் அளக்கிறார்களா? 60 கிலோ ஆளுக்கு மணிக்குச் சுமார் 30 மில்லியாவது போகணும்.
4. யூரியா, கிரியாட்டினின், பி.சி.வி. வந்தபோது எவ்வளவு, 24 மணி நேரத்தில் எவ்வளவு, 48-இல் எவ்வளவு?
5. பேச்சு தெளிவாக இருக்கிறதா? சம்பந்தமில்லாமல் உளறுகிறாரா?
6. இந்த இடத்தில் ஐ.சி.யூ. உண்டா? இல்லையென்றால் எந்த நிலையில் மாற்றுவீர்கள்?

ஆறாவது கேள்வியை மரியாதையாக, ஆனால் முதல் நாளே கேளுங்க. நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் மனசில் அந்தக் கணக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். கோபித்துக்கொண்டு ஸ்கேன் கவரை உங்கள் முகத்துக்கு நேரே ஆட்டினால், மாற்றுவதற்கு அதுவே போதுமான காரணம்.

எங்கள் தணிக்கையாளர் ஒருத்தர் இருந்தார், கேரளாக்காரர். ஃபைலில் எவ்வளவு அழகான அப்ரைசல் நோட் வைத்தாலும் புரட்டமாட்டார். 'கடைசியா யூனிட்டுக்கு நேர்ல போனது எப்போ?' என்பதுதான் முதல் கேள்வி. கணையத்துக்கும் அதே கேள்விதான். கடைசியா கட்டில் பக்கம் போய்ப் பார்த்தது எப்போ?

பி.கு.: மேலே உள்ள நம்பர்களை வைத்து வீட்டிலேயே வைத்தியம் பார்க்க வேண்டாம். மேல் வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்து வாந்தியும் நிற்கவில்லை என்றால் சோடா குடிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்க. பித்தப்பைக் கல்லும் ட்ரைகிளிசரைடும் பற்றி எழுத நிறைய இருக்கிறது. குவார்ட்டர் முடிவு ஆணியெல்லாம் பிடுங்கி முடித்தபிறகு அடுத்த பதிவில்.